பழைய துணியில் வளர்ப்பு எலிகளுக்குக் குரோஷே படுக்கை: திருகோணமலை வெயிலுக்கும் மாரிக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

எலி வளர்ப்பவர்களுக்காக எழுதப்பட்ட படுக்கைக் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளிலிருந்து வருபவை. பிளீஸ் துணியில் தைத்த குகைகள், பஞ்சடைத்த மெத்தைகள், கம்பளி நூலில் பின்னிய பைகள் என்று அவை காட்டும் பொருள்கள் எல்லாம் சூட்டைப் பிடித்து வைப்பதற்காகச் செய்யப்பட்டவை. திருகோணமலையில் கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பகல் வெப்பநிலை 33, 34 பாகை செல்சியஸை எட்டிவிடுகிறது. எலிக்கோ ஏறத்தாழ 18 முதல் 26 பாகை வரையான வெப்பநிலைதான் உகந்தது. நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துக் குளிர அதனால் முடியாது. மயிரில்லாத வாலின் வழியாகவே உடற்சூட்டில் ஒரு பகுதியை அது வெளியேற்றுகிறது. அந்த வாலையும் சேர்த்து மூடிவிடும் தடித்த பிளீஸ் குகைக்குள் நண்பகலில் உறங்கும் எலி வெப்பத்தாக்கத்துக்கு உள்ளாகலாம்.

ஆகவே இங்குள்ள எலிக்குக் காற்றோட்டமுள்ள, நூல் பிரியாத, அடிக்கடி கழுவிக் காயவைக்கக்கூடிய படுக்கையே வேண்டும். பழைய பருத்தி ரீசேட்டை நாடாவாக வெட்டி, குரோஷே முறையில், அதாவது கொக்கி ஊசியால், நெருக்கமாகப் பின்னினால் இவை மூன்றும் கைகூடும். பின்னல் வேலை பழக்கமில்லாதவர்களும் செய்யக்கூடிய இரண்டு படுக்கைகளை இங்கே விளக்குகிறேன்: ஒன்று தரையில் வைக்கும் கிண்ணப் படுக்கை, மற்றையது கூட்டின் கம்பிகளில் கட்டும் ஏணை. பின்னலைவிடத் துணியைத் தெரிவு செய்வதற்கும் வெட்டுவதற்கும் கூடுதலான இடம் ஒதுக்கியிருக்கிறேன். எலிக்கு நேரக்கூடிய தீங்குகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன.

துணியைத் தெரிவு செய்தல்

துணிகளில் நெய்த துணி, பின்னல் துணி என்று இரண்டு வகை உண்டு. சாரம், சேலை, பெட்சீற், பாடசாலைச் சீருடை ஆகியவை நெய்தவை. ரீசேட், பெனியன் ஆகியவை பின்னல் துணியில் தைத்தவை. நெய்த துணியை வெட்டினால் வெட்டிய ஓரத்திலிருந்து தனித்தனி நூல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். அந்த நூல் எலியின் விரலிலோ கணுக்காலிலோ ஒருமுறை சுற்றிக்கொண்டால் எலி அதை உதற உதற இறுகும்; இரத்தவோட்டம் தடைப்பட்டுக் கால் வீங்கி, சில மணித்தியாலங்கள் எவரும் கவனியாவிட்டால் அந்தக் காலையே இழக்க நேரிடலாம். குஞ்சுகள் உள்ள கூட்டில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். பின்னல் துணியை வெட்டினால் ஓரம் உள்நோக்கிச் சுருளுமே தவிர நூல் நூலாகப் பிரியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய சேலையும் சாரமும் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் எலிப் படுக்கைக்கு நாடாவாக வெட்டக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவற்றைப் பயன்படுத்தியே ஆகவேண்டுமானால், நான்கு ஓரங்களையும் இரட்டை மடிப்பாக மடித்துத் தைத்து, கூட்டின் தட்டுகளில் விரிப்பாகப் போடலாம்.

அடுத்ததாகப் பார்க்கவேண்டியது துணியின் நார். பருத்தி ஈரத்தை உறிஞ்சும், சூட்டைத் தேக்காது, வெந்நீரில் கழுவினாலும் தாங்கும். பொலியெஸ்டர் சிறுநீரை உறிஞ்சாமல் மேலேயே தேங்க விடுவதால் எலியின் வயிறும் பாதங்களும் நனைந்தபடியே இருக்கும். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகளுக்கு அடித்துக் கொடுக்கும் ரீசேட்டுகள் வீட்டு அலுமாரிகளில் நிறையக் கிடக்கும். ஆனால் அவற்றில் பல, சிறு துளைகள் கொண்ட பொலியெஸ்டர் துணியில் தைத்தவை என்பதால் இந்த வேலைக்கு உதவா. முத்திரை தேய்ந்துபோன துணியில் பருத்தியா பொலியெஸ்டரா என்ற சந்தேகம் வந்தால், ஓரத்தில் ஒரு விரலளவு துண்டை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரியும் மணத்துடன் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான மணி போல் உறையும். இந்தச் சோதனையை வீட்டுக்கு வெளியே, காற்றுப் படாத இடத்தில் பெரியவர்களே செய்யவேண்டும்.

நிறம் வெளிறியதாக இருப்பது மிக நல்லது. எலியின் கண்ணுக்குப் பின்புறமுள்ள சுரப்பியிலிருந்து போர்பிரின் என்னும் செந்நிறப் பொருள் சுரக்கிறது. எலி நோயுற்றாலோ பயந்துபோயிருந்தாலோ இது மிகுந்து, கண்ணோரத்திலும் மூக்கடியிலும் இரத்தம் உறைந்தது போலக் காணப்படும். எலி முகத்தைப் புதைத்து உறங்கும் படுக்கையிலும் அந்தக் கறை படியும். வெள்ளை அல்லது இளமஞ்சள் படுக்கையில் காலையிலேயே அது கண்ணில் படும். கறுப்பு ரீசேட்டில் பின்னிய படுக்கையில் நோய் முற்றிய பின்னரே தெரியவரும். சிறுநீரின் நிறமாற்றமும், காயத்தின் இரத்தமும் அவ்வாறே.

துணி எங்கே கிடந்தது என்பதையும் கேட்டறிய வேண்டும். பூச்சி உருண்டை போட்ட அலுமாரியில் இருந்த துணியில் நப்தலீன் ஊறியிருக்கும். அது எலிகளுக்கு நஞ்சு. அத்தகைய துணியை வெயிலில் நாட்கணக்காகக் காற்றாடப் போட்டு, பலமுறை கழுவி, மணம் முற்றாக நீங்கிய பிறகே தொடவேண்டும். மணம் நீங்காவிட்டால் வேறு துணியைத் தேடுவதே நல்லது. களஞ்சிய அறையில் கட்டி வைத்திருந்த மூட்டையில் வீட்டெலியோ பெருச்சாளியோ புகுந்த அடையாளம் இருந்தால் அந்த மூட்டையை முழுவதுமாக ஒதுக்கிவிடுங்கள். இப்படிப் புகும் எலிகளின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவக்கூடும். அது வளர்ப்பு எலிக்குத் தொற்றி, அதனிடமிருந்து வளர்ப்பவருக்கும் தொற்றக்கூடும்.

பழைய உடைகள் போதாவிட்டால் மத்திய வீதி, பிரதான வீதிப் பக்கங்களில் உள்ள தையற்கடைகளில் வெட்டுத்துண்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அங்கே மிஞ்சுவது பெரும்பாலும் சட்டைத் துணியும் சாரித் துணியும் போன்ற நெய்த துணிதான். இழுத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் நீண்டு கொடுக்கும் துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கழுவுதலும் வெட்டுதலும்

வெட்டுவதற்கு முன் துணியை வெந்நீரில், மணமில்லாத சவர்க்காரத்தில் கழுவி, மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவங்கள் வேண்டாம். எலிகளில் பல மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரைச் சிறுவயதிலிருந்தே சுவாசக்குழாயில் கொண்டிருக்கின்றன. வாசனையும் புகையும் அமோனியாவும் நுரையீரலை உறுத்தும்போது அது நோயாக வெளிப்படுகிறது. கழுவிய பின் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் இன்னொரு முறை கழுவவேண்டும்.

இனி ரீசேட்டை மேசையில் மட்டமாக விரித்து, இரண்டு கமக்கட்டுகளுக்கும் சற்றுக் கீழே குறுக்காக வெட்டி மேற்பகுதியை நீக்குங்கள். கீழோரத்தில் மடித்துத் தைத்த விளிம்பையும் நீக்குங்கள். நெஞ்சில் அச்சடித்த படம் இறப்பர் போலத் தடித்திருந்தால் அந்தப் பகுதி ஆகாது; எலி அதைக் கொறித்துச் செதில் செதிலாக விழுங்கும். இலாஸ்ரிக், பொத்தான், முத்திரைத் துண்டு எதுவும் மிஞ்சியிருக்கக்கூடாது. இப்போது உங்கள் கையில் இரு முனையும் திறந்த ஒரு துணிக்குழாய் இருக்கும். பக்கங்களில் தையல் இல்லாத ரீசேட்டாக அமைந்தால் மிக நல்லது. தையல் இருந்தால் அந்த இடங்களில் பிசிறாகத் தொங்கும் தையல் நூல் நுனிகளை வெட்டியெடுத்துவிட வேண்டும்.

குழாயின் ஒரு பக்க மடிப்பை மறுபக்க மடிப்பை நோக்கிக் கொண்டுவந்து, மேல் மடிப்பு கீழ் மடிப்புக்கு 4 சென்ரிமீற்றர் குறைவாக நிற்கும்படி மடியுங்கள். இப்போது மடித்ததால் எதிர்ப்பக்கத்தில் உருவான புதிய மடிப்போரத்திலிருந்து தொடங்கி, 2.5 சென்ரிமீற்றர் அகலக் கீற்றுகளாக, மேல் மடிப்பு முழுவதும் வெட்டுப்படும்படியும் கீழ்ப்பக்கம் மிஞ்சி நிற்கும் 4 சென்ரிமீற்றரில் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் வெட்டப்படாமல் இருக்கும்படியும் வரிசையாக வெட்டிச் செல்லுங்கள். வெட்டி முடித்துத் துணியை விரித்தால், வெட்டப்படாத ஓரத்தை முதுகெலும்பாகக் கொண்டு வளையங்கள் தொங்கும். அந்த முதுகுப் பகுதியைக் கையில் விரித்துப் பிடித்து, வலப்பக்க முதல் வெட்டிலிருந்து இடப்பக்க இரண்டாம் வெட்டுக்கும், வலப்பக்க இரண்டாம் வெட்டிலிருந்து இடப்பக்க மூன்றாம் வெட்டுக்குமாகச் சாய்வாக வெட்டிக்கொண்டு போனால் முழு ரீசேட்டும் அறாத ஒரே நாடாவாகிவிடும். நேராக வெட்டினால் தனித்தனி வளையங்களே கிடைக்கும். சாய்வுதான் இங்கே முக்கியம். முதல் வெட்டும் கடைசி வெட்டும் கூர்முனையாக முடிவது இயல்பு.

நாடாவை ஒரு முழம் ஒரு முழமாகப் பிடித்து மெல்ல இழுத்து வாருங்கள். தட்டையாக இருந்த துணி இழுபடும்போது இரண்டு ஓரங்களும் உள்ளே சுருண்டு, வெட்டுவாயை மறைத்துக்கொண்டு, உருண்ட கயிறு போலாகும். சில இடங்களில் வெட்டுவாயிலிருந்து பொடித்துகள்கள் உதிரும்; அவற்றை வெளியே உதறிவிட்டு உருண்டையாகச் சுற்றி வையுங்கள். 50 சென்ரிமீற்றர் அகலமும் கமக்கட்டுக்குக் கீழ் 40 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள ஆண்களின் ரீசேட் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 16 மீற்றர் நாடா வரும். இழுத்த பின் இன்னும் சற்று நீளும். கீழே சொல்லப்படும் படுக்கை ஒவ்வொன்றுக்கும் அத்தகைய ரீசேட் இரண்டோ மூன்றோ தேவைப்படும்.

ஒரு நாடா தீர்ந்து அடுத்ததை இணைக்கும்போது முடிச்சுப் போடாதீர்கள். முடிச்சு விரலளவு கட்டியாகத் துருத்தி நிற்கும். எலி முதலில் கொறிக்கத் தொடங்குவது அந்த இடத்தைத்தான். இரண்டு நாடாக்களின் நுனியிலும் ஒரு சென்ரிமீற்றர் நீளத்தில் சிறு கீறல் இட்டு, பழைய நாடாவின் நுனியைப் புதிய நாடாவின் கீறலுக்குள் நுழைத்து, புதிய நாடாவின் மறுமுனையைப் பழைய நாடாவின் கீறலூடாக முழுவதும் இழுத்தெடுத்தால் இரண்டும் தட்டையாகப் பூட்டிக்கொள்ளும்.

ஊசியும் தையல்களும்

இந்த அகல நாடாவுக்கு 9 அல்லது 10 மில்லிமீற்றர் குரோஷே ஊசியைப் பொதுவாகப் பரிந்துரைப்பார்கள். எலிப் படுக்கைக்கு 8 மில்லிமீற்றர் ஊசியே சிறந்தது. கைக்குச் சற்றுக் கடினமாக இருந்தாலும், கண்ணிகள் இறுக்கமாக அமைந்து, எலியின் விரலும் நகமும் நுழைய இடைவெளி இராது. கடைகளில் மெல்லிய நூலுக்கான சிறு ஊசிகளே அதிகம் கிடைப்பதால், தச்சரிடம் சொல்லிப் பென்சிலைவிடச் சற்றுத் தடித்த வழுவழுப்பான மரக்குச்சியில் கொக்கி செதுக்குவித்து, அரத்தாளால் நன்றாகத் தேய்த்தும் பயன்படுத்தலாம்.

தெரிந்திருக்க வேண்டிய தையல்கள் மூன்றே. சங்கிலித் தையல் என்பது ஊசியில் உள்ள கண்ணியூடாக நாடாவைக் கொளுவி இழுப்பது. ஒற்றைத் தையலுக்கு, முந்தைய வரிசைக் கண்ணியின் மேலுள்ள இரண்டு இழைகளுக்கும் கீழாக ஊசியை நுழைத்து நாடாவைக் கொளுவி இழுக்கவேண்டும். ஊசியில் இப்போது இரண்டு கண்ணிகள் இருக்கும். மறுபடி கொளுவி இரண்டினூடாகவும் ஒரேயடியாக இழுத்தால் தையல் முடிந்தது. நழுவல் தையலில், கொளுவிய நாடாவைக் கண்ணியூடாகவும் ஊசியில் இருப்பதூடாகவும் ஒரே இழுப்பில் எடுப்போம். இணைப்பதற்கும் முடிப்பதற்கும் அது உதவும். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துப் பழகுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்று சொல்லும் இந்த ஒற்றைத் தையலையே பிரித்தானியப் புத்தகங்கள் டபிள் குரோஷே என்று குறிப்பிடுகின்றன. உயரமான தையல்களில் அழகு உண்டு. ஆனால் கம்பங்களுக்கு இடையில் துளை விழும். எலிப் படுக்கையில் ஒற்றைத் தையலைத் தவிர வேறெதையும் நான் பயன்படுத்துவதில்லை.

கிண்ணப் படுக்கை

வளர்ந்த எலியின் உடல் வாலை நீக்கி 20 முதல் 25 சென்ரிமீற்றர் வரை இருக்கும். உறங்கும்போது சுருண்டுகொள்ளும், எலி தனியாக வாழும் பிராணியல்ல என்பதால் குறைந்தது இரண்டு எலிகளாவது ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கும். அதற்கு 22 சென்ரிமீற்றர் விட்டமுள்ள அடிப்பாகம் போதும்.

இரண்டு சங்கிலித் தையல் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவதாக உள்ள சங்கிலிக்குள்ளேயே ஆறு ஒற்றைத் தையல்களைப் போடுங்கள். இது முதற்சுற்று. சுற்றை இணைக்காமல் சுருள் போலத் தொடர்ந்து பின்னுவதால் எங்கே தொடங்கினோம் என்பது மறந்துபோகும். ஒவ்வொரு சுற்றின் முதற்கண்ணியிலும் வேறு நிறத் துணித்துண்டு ஒன்றைச் செருகி வையுங்கள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு தையல்கள் போட்டால் 12 ஆகும். மூன்றாம் சுற்றில் ஒரு கண்ணியில் ஒரு தையல், அடுத்ததில் இரண்டு என்று மாறி மாறிப் போட்டால் 18. நான்காம் சுற்றில் இரண்டு கண்ணிகளில் ஒவ்வொன்று, மூன்றாவதில் இரண்டு என்று போட்டால் 24. இவ்வாறே சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டு எட்டாம் சுற்றில் 48 தையல்களுக்கு வந்து சேருங்கள். இரட்டைத் தையல்கள் எப்போதும் ஒரே இடத்தின் மேல் விழுந்தால் வட்டம் அறுகோணமாகிவிடும். ஆகவே சுற்றுக்குச் சுற்று அவற்றைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள்.

ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் ஒருமுறை பின்னலைத் தரையில் வைத்துக் கையால் தட்டிப் பாருங்கள். ஓரம் அலை அலையாக எழும்பினால் தையல்கள் கூடிவிட்டன. நடு குழிந்து கிண்ணம் போலானால் தையல்கள் குறைந்துவிட்டன, அல்லது கை மிக இறுகிவிட்டது. அந்தச் சுற்றைப் பிரித்துப் போடுவதே நல்லது. துணிநாடா பிரித்துப் பின்னத் தாங்கும். நாடாவின் தடிப்பு ரீசேட்டுக்கு ரீசேட் மாறுபடும் என்பதால், எட்டுச் சுற்று முடிவில் உங்கள் வட்டம் 20 அல்லது 24 சென்ரிமீற்றராக இருக்கலாம். தேவைக்கேற்ப ஒரு சுற்றைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

இனிச் சுவர். ஒன்பதாம் சுற்றில், கண்ணியின் மேலுள்ள இரண்டு இழைகளில் பின்புற இழையில் மட்டும் ஊசியை நுழைத்து, எதையும் கூட்டாமல் 48 தையல்களும் போடுங்கள். அடிப்பாகத்திலிருந்து சுவர் செங்குத்தாக எழும்புவதற்கு அந்த ஒரு சுற்றே காரணமாகிறது. பிறகு வழமையான முறையில் ஐந்து சுற்றுகள் பின்னினால் 8 சென்ரிமீற்றர் வரை சுவர் உயரும். கச்சான் காலத்துக்கு இதுவே போதும்; சுவரை வெளிப்புறமாகப் பாதி மடித்துவிட்டால் இன்னும் காற்றுப் படும், எலிகள் தலையைச் சாய்த்துக்கொள்ளத் தடித்த விளிம்பும் கிடைக்கும். வயது முதிர்ந்து பின்னங்கால் தளர்ந்த எலிகளுக்கு மூன்று சுற்றுச் சுவருக்கு மேல் வேண்டாம். ஏறி இறங்க முடியாமல் படுக்கைக்கு வெளியிலேயே கிடக்கும்.

மாரிக்காலத்து இரவுகளுக்குச் சற்று மூடிய படுக்கை விரும்பினால், மேலும் இரண்டு சுற்றுகளில் ஒவ்வொன்றிலும் ஆறு தையல்களைக் குறைத்து 36 இல் நிறுத்துங்கள். குறைப்பதற்கு, அடுத்தடுத்த இரண்டு கண்ணிகளிலும் நாடாவை இழுத்து, ஊசியில் உள்ள மூன்றையும் ஒன்றாக முடிக்கவேண்டும். அதற்கு மேல் வாயைக் குறுக்காதீர்கள். ஒரு வாய் மட்டுமே உள்ள ஒடுங்கிய பைக்குள் எலிகள் சண்டை பிடித்தால் பலவீனமானதற்குத் தப்பியோட வழி இராது.

முடிக்கும்போது ஒரு நழுவல் தையல் போட்டு, நாடாவை ஒரு சாண் விட்டு வெட்டி, அதைப் பின்னலின் உட்கண்ணிகளுக்குள் முன்னும் பின்னுமாக மூன்று தடவை ஓடவிட்டு, எஞ்சியதை ஒட்ட வெட்டுங்கள். நடுவில் தொடங்கிய நாடா நுனியையும் அவ்வாறே உள்ளே ஓட்டி, நடுத்துளையை இறுக்கி மூடுங்கள்.

ஏணை

கைக்குழந்தையை ஏணையில் கிடத்திப் பழகிய நமக்கு இதன் அமைப்பை அதிகம் விளக்கத் தேவையில்லை. கோடைக்கு இதைவிடச் சிறந்த படுக்கை எலிக்கு இல்லை. மேலும் கீழும் காற்றுப் படும், வால் ஓரத்துக்கு வெளியே தொங்கி உடற்சூடு இறங்கும்.

25 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி 24 ஒற்றைத் தையல்கள் போடுங்கள். ஒரு சங்கிலி போட்டுத் திருப்பி மறுபடி 24. இப்படி 21 வரிசைகள் பின்னினால் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர் அகலமும் 30 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள செவ்வகம் கிடைக்கும். வரிசையின் கடைசிக் கண்ணியைத் தவறவிடுவது இந்த வேலையில் எவருக்கும் நேர்வது. தவறவிட்டால் துண்டு கூம்பிக்கொண்டே போகும். ஒவ்வொரு வரிசையையும் எண்ணி முடித்த பிறகே திரும்புங்கள்.

செவ்வகத்தைச் சுற்றி ஒரு சுற்று ஒற்றைத் தையல் போட்டு, ஒவ்வொரு மூலையிலும் மூன்று தையல்கள் வையுங்கள். அந்தச் சுற்றிலேயே மூலை வரும்போது எட்டுச் சங்கிலி போட்டு அதே மூலைக் கண்ணியில் நழுவல் தையலால் இணைத்து, உருவான வளையத்தின் மேல் பத்து ஒற்றைத் தையல்களால் மூடிப் பின்னிவிட்டால், எலிகள் பாய்ந்து ஏறும்போது வளையம் இழுபட்டு நீளாது.

பாரம் ஏறியதும் ஏணையின் கண்ணிகள் விரியும் என்பதால் ஒரு சோதனை செய்யவேண்டும். வளர்ந்த ஆண் எலி 450 முதல் 650 கிராம் வரை நிறுக்கும். மூன்று ஒன்றாக ஏறினால் 2 கிலோவை நெருங்கும். ஆகவே ஒரு கிலோ அரிசிப் பொட்டலங்கள் இரண்டை ஏணைக்குள் வைத்து ஓர் இரவு தொங்கவிடுங்கள். காலையில் கீழிருந்து பார்த்து, எந்த இடைவெளியிலாவது சின்னவிரல் நுனி நுழைந்தால் அதில் எலியின் கால் சிக்கும். அப்போது பழைய பருத்திப் பெனியனிலிருந்து ஏணையளவு துண்டொன்றை வெட்டி, உட்புறமாக வைத்து, பருத்தித் தையல் நூலால் குறுகிய நெருக்கமான தையல்களில் ஓரம் முழுவதும் தைத்துவிடுங்கள். தங்கூசி எனப்படும் நைலோன் மீன்பிடி நூலால் ஒருபோதும் தைக்கவோ கட்டவோ வேண்டாம். கடற்கரை ஊரில் அது எந்த வீட்டிலும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும், அறாது என்ற எண்ணமும் வரும். எலியின் கால் சிக்கினாலும் அது அறாது.

கூட்டில் கொளுவுவதற்குச் சாவிக்கொத்து வளையங்களையோ சிறு கொளுக்கிகளையோ எவர்சில்வரில் வாங்குங்கள். நாகம் (துத்தநாகம்) பூசிய கம்பியை எலி நக்கியும் கொறித்தும் வந்தால் அந்த நாகம் உடலில் சேர்ந்து நஞ்சாகும். வெறும் இரும்போ நம் உப்புக்காற்றில் விரைவில் துருவேறி, துருக்கறை துணியில் இறங்கும்.

கூட்டுக்குள் வைக்கும் முறை

ஏணையைத் தரையிலிருந்தோ கீழ்த்தட்டிலிருந்தோ 15 முதல் 20 சென்ரிமீற்றருக்கு மேற்படாத உயரத்தில், முதலில் சற்று விறைப்பாகவே கட்டுங்கள். சில நாட்களில் தானாகத் தாழும். கூட்டை வெயில் விழும் யன்னலடியிலோ நுளம்புத்திரி கொளுத்தும் அறையிலோ வைக்காதீர்கள்.

புதுப் படுக்கையை வைத்ததும் எலி உடனே ஏறிப் படுக்காது. மீசையை வேகமாக அசைத்தபடி விளிம்பு முழுவதையும் மோந்து சுற்றிவரும். ஓரிடத்தில் நின்று ஒரு கண்ணியைப் பல்லால் பற்றி இழுத்துப் பார்க்கும். பிறகு அதன் மேல் சில துளி சிறுநீர் விட்டுத் தன் மணத்தை ஏற்றும். அதன் பின்னரே உள்ளே இறங்கிச் சுழன்று படுக்கும். அந்தச் சிறுநீர்த் துளியைக் கண்டு உடனே கழுவப் போகாதீர்கள். மணமில்லாத படுக்கை அதற்கு அந்நியமானது. பழைய படுக்கையில் இருந்த ஒரு துண்டுத் துணியைப் புதியதற்குள் வைத்தால் விரைவில் பழகும்.

கொறிப்பதை முற்றாகத் தடுக்க முடியாது. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருப்பவை. வேப்பங்குச்சி, கொய்யாக்குச்சி போன்ற மருந்தடிக்காத குச்சிகளைக் கூட்டுக்குள் போட்டு வைத்தால் படுக்கைக்கு நேரும் சேதம் குறையும்.

கழுவுதல், காயவைத்தல், கழித்தல்

மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை படுக்கையை மாற்றவேண்டும். ஊறிய சிறுநீரிலிருந்து எழும் அமோனியா எலியின் நுரையீரலை உறுத்தும். எல்லாப் படுக்கைகளையும் ஒரே நாளில் எடுக்காமல் பாதியை மட்டும் எடுங்கள். இல்லையேல் கூடு முழுவதும் மணமிழந்து, குறிப்பாக ஆண் எலிகள் பதற்றப்பட்டு எல்லா இடத்திலும் மூத்திரம் தெளித்துவைக்கும். வெளியே உதறி, வெந்நீரில் வினாகிரி சிறிது கலந்து அரை மணித்தியாலம் ஊறவைத்து, பிறகு மணமில்லாத சவர்க்காரத்தால் கழுவி அலசினால் நாற்றம் போய்விடும். முறுக்கிப் பிழிந்தால் வடிவம் குலையும். துவாய்க்குள் வைத்துச் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் பெரும்பகுதி இறங்கிவிடும்.

கச்சான் காலத்தில் கொடியில் போட்டால் பகலுக்குள் காய்ந்துவிடும். ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை நீளும் மாரியில் அப்படியில்லை. தடித்த துணிநாடாவின் வெளிப்புறம் காய்ந்தது போலத் தோன்றினாலும் கண்ணிகளின் நடுவில் ஈரம் நின்று, இரண்டு நாளில் பூஞ்சண மணம் வரும். கிண்ணப் படுக்கையைக் கவிழ்த்து, அடிப்பாகத்தின் நடுவைக் கன்னத்தில் வைத்து அழுத்திப் பாருங்கள். குளிர்ந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள். மாரிக்கென்று 1.5 சென்ரிமீற்றர் அகல நாடாவில், 6 மில்லிமீற்றர் ஊசியில், மெல்லிய படுக்கைகள் இரண்டை முன்கூட்டியே பின்னி வைப்பது நல்லது. தையல்களின் எண்ணிக்கை கூடும், ஆனால் மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும். வெளியே காயப்போடும் இடத்தில் வீட்டெலிகள் ஓடித் திரிந்தால், இரவுக்கு முன் எடுத்து உள்ளே வைக்கத் தவறாதீர்கள்.

கழுவும் ஒவ்வொரு தடவையும் படுக்கையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழுபட்டு வளையமாகத் தொங்கும் கண்ணியைப் பின்புறமாக இழுத்து உள்ளே ஓட்டிவிடலாம். ஒரு கண்ணி மட்டும் அறுந்திருந்தால், அதே துணியின் நாடாத் துண்டொன்றை இரண்டு பக்கக் கண்ணிகளூடாகவும் ஓட்டி மூடலாம். அருகருகே இரண்டு கண்ணிகள் அறுந்திருந்தாலோ, விரல் நுழையும் துளை விழுந்திருந்தாலோ பழுதுபார்க்க முயலவேண்டாம். சேதமடையாத நாடாவை மட்டும் பிரித்தெடுத்து அடுத்த படுக்கைக்கு வைத்துக்கொண்டு, மிகுதியைக் கழித்துவிடுங்கள். நோயுற்று இறந்த எலி கடைசியாகப் படுத்திருந்த படுக்கையிலிருந்து எதையும் எடுக்கவேண்டாம். அதை அப்படியே பையில் கட்டி அகற்றுங்கள்.